எந்தச் சூடு

மெட்ராஸில் ஏது குளிர் என்று கேட்பவர்கள்
புயல் கரையைக் கடந்த மூன்றாம் நாள்
நங்கநல்லூருக்கு வெறுங்காலோடு வரவேண்டும்.
சுவர் வேர்க்கும். உப்பு கரைந்து ஒழுகும்.
காயப்போட்டது காயாது.
ஈரச் சீருடையைக்
கரிப்பெட்டியால் காயவைத்துக் கொடு என்று
விடியும் முன்னே ஆறு பேர் என் வண்டி முன்னால்.

வண்டிக்கடியில் மேனேஜர் படுத்திருக்கும்.
வேலை ஒன்றும் செய்யாமல்
எல்லாரையும் முறைப்பதால்
பால்காரர் வைத்த பெயர்.
அதற்கு ஒரு கோணிச்சாக்கு,
கோணிக்குக் கீழே ஃப்ளெக்ஸ் பேனர்
(யாருக்கோ பிறந்தநாள்;
கும்பிட்ட கைகளின் மேல்தான் சுருளும்),
அதற்கும் கீழே பலகை, நாலு செங்கல்.
குளிர் வானத்திலிருந்து இறங்குவதில்லை,
தரையிலிருந்து ஏறுகிறது.
நாளெல்லாம் நின்று தேய்க்கிற பாதத்துக்குத் தெரியும்.

சி பிளாக் மூட்டையில் ஒரு சட்டை வரும்,
நாலு கை வைத்தது.
சிவப்புக் கம்பளி, முதுகில் பனிமனிதன்.
பிஸ்கோத்துடையது.
பதினான்கு வயதுப் பொமரேனியன்,
கண்ணில் பால் படர்ந்து
லிஃப்ட் வந்ததா என்று மூக்கால் பார்க்கும்.
குழந்தைச் சட்டை ரேட்டுதான் போடுவேன்.

அன்று ராத்திரி கரண்ட் இல்லை.
டீசல் தீர்ந்து ஜெனரேட்டரும் இருமி நின்றது.
செல்போன் வெளிச்சம் ஒன்று
தேங்கின தண்ணீரைக் கலக்கிக்கொண்டு வந்தது.
மைதிலி மேடம்.
துப்பட்டாவுக்குள் ஏதோ.
"தேசம்மா, பெட்டியில கரி இருக்கா?"

படியிறங்கும்போது கால் தவறி
மழைத்தண்ணீரில் விழுந்திருக்கிறது.
நனைந்தபின்தான் தெரிந்தது
அது எவ்வளவு சின்ன நாய் என்று.
முடியெல்லாம் ஒட்டிப்போய்
ஒரு நடுக்கம் மட்டும் மிச்சம்.

பட்டுக்கு ஒரு சூடு, காட்டனுக்கு ஒரு சூடு.
நனைத்த விரலால் பெட்டியைத் தொட்டால்
ஸ்ஸ் என்று சொல்லிவிடும்.
இருபத்திரண்டு வருஷத்தில்
கிழட்டு நாய்க்கு எந்தச் சூடு என்று
யாரும் கேட்டதில்லை.

பி பிளாக்கில் வாங்க வராத துவாலைகளை எடுத்தேன்.
தேய்த்தேன். உதறினேன்.
என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.
மேடம் பறிக்க வந்தார்.
"இருங்க. சுடுதுன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது.
ஆறட்டும்."
முதலில் காது. அப்புறம் வயிறு.
விரல் இடுக்கு நான்கு காலிலும்.
அழுத்தாமல் ஒத்தி ஒத்தி,
கம்பளியில் கறை எடுப்பதுபோல.
நாலாவது துவாலையில்
நடுக்கம் தாடைக்கு மட்டும் மிஞ்சியது.
ஆறாவதில் ஒரு கொட்டாவி.
மேடம் அழுதார். நான் கரியை விசிறினேன்.

மேனேஜர் கோணியை விட்டுக்கொடுக்கவில்லை.
விட்டுக்கொடுக்கும் ரகமில்லை அது.
சாம்பல் சட்டி பக்கத்தில்
பிஸ்கோத்தைக் கிடத்தியபோது
ஒரு முறை முறைத்தது,
உறுமலாமா என்று யோசித்தது,
முதுகைத் திருப்பிக்கொண்டு ஒட்டிப் படுத்தது.
முதுகில்தான் நாய்க்குச் சூடு அதிகம்.

எவ்வளவு ஆச்சு என்று கேட்டார்.
துவாலைக்கு எட்டு, ஆறு துவாலை, நாற்பத்தெட்டு.
சொல்லிவிட்டேன். கரி என்ன இலவசமா?
ஐம்பது கொடுத்தார்.
இரண்டு ரூபாய் சில்லறை இன்னும் பாக்கி.

அடுத்த திங்கள் சி பிளாக் மூட்டையில்
நாலு கை வைத்த சட்டை இரண்டு.
ஒன்று பனிமனிதன்.
இன்னொன்று புதுசு, நீலம், பெரிய அளவு.
இரண்டு பேர் பிடித்து
ஒருவழியாக மாட்டிவிட்டோம்.
மேனேஜர் தெருமுனை வரை போனது,
நாலு காலில் யாருடைய காலோ இருப்பதுபோல நடந்து.
திரும்பி வரும்போது
சட்டை அதன் வாயில் இருந்தது.
கோணியின் மேல் போட்டு
மூன்று சுற்று சுற்றி
அதன்மேல் படுத்துக்கொண்டது.